புது எஸ்எஸ்டி, ரேம் மாட்டியதும் லினக்ஸ் பூட் ஆகலையா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்ட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. கூடவே ஒரு எஸ்எஸ்டி, கொஞ்சம் ரேம் சேர்த்தால் பழைய கம்ப்யூட்டரும் விறுவிறுப்பாக ஓடும். ஆனால், பார்ட்டை மாட்டி, மூடியைத் திருகி, பவர் பட்டனை அழுத்திய பிறகு சிலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான். பெரும்பாலான நேரங்களில் இது தேவையே இல்லை. ஹார்டுவேர் மாற்றத்தால் லினக்ஸ் பூட் ஆகாமல் போனால், உள்ளே இருக்கும் ஃபைல்கள் பொதுவாக அப்படியே இருக்கும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விலாசம் மட்டும் மாறிவிட்டது. அவசரப்பட்டு ஃபார்மட் போட்டால், காணாமல் போகாத போட்டோக்களையும் ஆபீஸ் ஃபைல்களையும் நாமே அழித்தவர்கள் ஆவோம்.

சரி, என்ன செய்வது?

முதல் கேள்வி: எந்த இடத்தில் நின்றது?

பவர் பட்டனை அழுத்தியது முதல் லாகின் திரை வரை, வேலை கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ், அதாவது இன்றைய யூஇஎஃப்ஐ, எழுந்து ரேமையும் டிஸ்க்கையும் சரிபார்க்கும். அது ‘க்ரப்’ என்ற பூட்லோடரைத் தேடிப்பிடித்து ஓட்டும். க்ரப், லினக்ஸ் கெர்னலையும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சின்னத் தொகுப்பையும் ரேமில் ஏற்றும். அந்தத் தொகுப்பில் இருக்கும் டிரைவர்களை வைத்துக் கெர்னல் உண்மையான டிஸ்க்கைத் திறக்கும். கடைசியாக, சிஸ்டம்டி மற்ற டிஸ்க்குகளை இணைத்து, சேவைகளைத் தொடங்கி, திரையைக் கொண்டுவரும்.

இந்த வரிசையில் யார் வரை வேலை வந்தது, யாரிடம் நின்றது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அதைத் திரையே சொல்லிவிடும். எனவே, எந்தப் பட்டனையும் அழுத்துவதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன்: பழையபடி மாற்றிப் பாருங்க

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, புதிதாக மாட்டியதை எடுத்துவிட்டுப் பழையபடி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஓஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் புதிய பார்ட்டிலோ, அது கிளப்பிவிட்ட மாற்றத்திலோதான். இரண்டு மூன்று பார்ட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால், ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். உள்ளே கை விடும்போது பக்கத்தில் இருந்த சாட்டா கேபிள் லூஸ் ஆகிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

லோகோவே வரலை, பீப் சத்தம் மட்டும் வருது

இது லினக்ஸின் பிரச்சினை இல்லை. வேலை இன்னும் லினக்ஸ் பக்கமே வரவில்லை. ரேம் முழுதாக உட்காரவில்லை, அல்லது அந்த மதர்போர்டுக்கு ஒத்துவராத ரேம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். ரேமை எடுத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து, ஸ்லாட்டை மாற்றியும் பாருங்கள்.

லோகோ வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றுபோகிறது என்றாலும் ரேமைச் சந்தேகிக்கலாம். ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும். அதில் ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பி டிஸ்க்கில் எதையும் எழுத வேண்டாம். கெட்டுப்போன ரேம், நல்ல ஃபைலையும் கெடுத்து எழுதிவிடும்.

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருதா?

பயாஸ் ஓடுகிறது, அதற்கு க்ரப் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பூட் வரிசை. புது டிஸ்க் மாட்டியதும் பயாஸ் அதை முதலிடத்தில் வைத்துவிட்டு, காலியான டிஸ்க்கில் ஓஎஸ் தேடிக்கொண்டிருக்கலாம். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் பட்டனை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் போய், பழைய டிஸ்க்கை மேலே கொண்டுவந்தால் போதும்.

இரண்டு, மறந்துபோன விலாசம். யூஇஎஃப்ஐ முறையில், ‘உபுண்டு இந்த டிஸ்க்கில், இந்த ஃபைலில் இருக்கிறது’ என்ற குறிப்பு மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய நினைவகத்தில் பதிவாகியிருக்கும். மதர்போர்டையே மாற்றினால் அந்தக் குறிப்பு பழைய போர்டோடு போய்விடும். டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கும். புது போர்டுக்குத்தான் எங்கே தேடுவது என்று தெரியாது. பல பயாஸ்களில் ‘ஆட் பூட் ஆப்ஷன்’ என்ற வசதி உண்டு. அதில் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் உபுண்டு ஃபோல்டரைக் காட்டினால் வேலை முடிந்தது.

மூன்று, மாறிப்போன செட்டிங். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு சிஆர்2032 பேட்டரியைக் கழற்றினாலோ, பயாஸை ரீசெட் செய்தாலோ, எல்லா செட்டிங்கும் கம்பெனி தந்த நிலைக்குப் போய்விடும். பழைய ‘லெகசி’ முறையில் இன்ஸ்டால் செய்த லினக்ஸ், யூஇஎஃப்ஐ மட்டும் என்ற செட்டிங்கில் பூட் ஆகாது. அதேபோல, சாட்டா அல்லது ஸ்டோரேஜ் செட்டிங் ‘ஏஎச்சிஐ’-இலிருந்து இன்டெலின் ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’-க்கு மாறியிருந்தால், லினக்ஸின் கண்ணுக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போகலாம். பழையபடி ஏஎச்சிஐ-க்கு மாற்றிப் பாருங்கள். ஆனால், அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஆர்எஸ்டி முறையில் இன்ஸ்டால் ஆன விண்டோஸ், இந்த செட்டிங்கை மாற்றியதும் பூட் ஆகாமல் நிற்கக்கூடும். முன்பு எந்த முறையில் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கே திரும்புவதுதான் பாதுகாப்பு.

‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நிற்குதா?

க்ரப்பின் முதல் துண்டு ஓடிவிட்டது, மீதித் துண்டுகள் இருக்கும் பார்ட்டிஷனை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்ட்டிஷனை அழித்தாலோ, எண்கள் மாறினாலோ, க்ரப் இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டாலோ இப்படி வரும்.

அங்கேயே ‘எல்எஸ்’ என்று டைப் செய்தால், க்ரப்புக்குத் தெரிகிற டிஸ்க்குகளின் பட்டியல் வரும். க்ரப் டிஸ்க்குகளை 0-இலிருந்தும் பார்ட்டிஷன்களை 1-இலிருந்தும் எண்ணும். பட்டியலில் உங்கள் லினக்ஸ் டிஸ்க்கே இல்லை என்றால், மீண்டும் பயாஸையும் கேபிளையும் பாருங்கள். இருந்தால், கீழே சொல்லப்போகும் லைவ் யுஎஸ்பி வழியில் க்ரப்பை மறுபடி நிறுவினால் போதும்.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் வருதா?

உபுண்டு, மின்ட், டெபியன் பயன்படுத்துபவர்கள் அதிகம் பயப்படும் திரை இது. மேலே பார்த்தால், இன்ன யூயூஐடி கொண்ட டிஸ்க் இல்லை என்று ஒரு வரி இருக்கும்.

யூயூஐடி என்பது ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள தனி அடையாள எண். லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று பெயர் வைப்பது கண்ணில் பட்ட வரிசைப்படிதான். புது டிஸ்க் ஒன்று சேர்ந்தால் நேற்றைய எஸ்டிஏ இன்று எஸ்டிபி ஆகலாம். அதனால்தான் இன்றைய லினக்ஸ்கள் இன்ஸ்டால் ஆகும்போதே பெயரை நம்பாமல் இந்த அடையாள எண்ணை எழுதிவைக்கின்றன. யாராவது கையால் ‘எஸ்டிஏ1’ என்று எழுதிவைத்திருந்தால், டிஸ்க் சேர்த்த அன்றே அது காலை வாரிவிடும்.

இந்தத் திரையில் ‘பிஎல்கேஐடி’ என்ற கட்டளையைக் கொடுத்தால், கெர்னலுக்குத் தெரிகிற டிஸ்க்குகளும் அவற்றின் எண்களும் வரும். அதைப் பிழை வரியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பட்டியலில் டிஸ்க் இருக்கிறது, எண் மட்டும் வேறு என்றால், புது டிஸ்க்குக்கு மாறியபோது பழைய எண் செட்டிங்கில் தங்கிவிட்டது. டிஸ்க்கே இல்லை என்றால் கேபிள், பயாஸ் செட்டிங், அல்லது டிரைவர். சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு ஓஎஸ்ஸை மாற்றியவர்களுக்கு டிரைவர் சிக்கல் வரலாம். டெபியன், உபுண்டு வகைகள் பெரும்பாலான டிரைவர்களை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்தே வைப்பதால் அங்கே இது குறைவு. ஃபெடோரா, அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைக்கும். புது ஹார்டுவேர் வந்தால் திணறலாம். அதற்காகவே க்ரப் மெனுவில் ‘ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதன் வழியாக உள்ளே போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

சில நேரம் இதே திரையில், ‘எஃப்எஸ்சிகே’-வைக் கையால் ஓட்டச் சொல்லி ஒரு வரி வரும். டிஸ்க்கின் கணக்குவழக்கில் பிழை இருக்கிறது என்று பொருள். முக்கியமான ஃபைல்கள் இருந்தால், முதலில் லைவ் யுஎஸ்பி வழியாக அவற்றை நகல் எடுத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

90 விநாடி ஓடி, ‘எமர்ஜென்சி மோட்’ வருதா?

இது பார்க்கப் பயங்கரம், தீர்வு சுலபம். ஈடிசி ஃபோல்டரில் ‘எஃப்எஸ்டேப்’ என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. எந்தெந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. படங்கள் வைத்திருந்த பழைய ஹார்டு டிஸ்க்கை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது. சிஸ்டம்டி பொறுமையாக 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு, "அந்த டிஸ்க் வராம நான் மேல போகமாட்டேன்" என்று நின்றுவிடுகிறது.

எமர்ஜென்சி ஷெல் கிடைத்தால், அந்த ஃபைலைத் திறந்து, இல்லாத டிஸ்க்குக்கான வரியின் தொடக்கத்தில் ஒரு # குறி போட்டுச் சேமித்து ரீபூட் செய்தால் போதும். ஃபைலைச் சேமிக்க விடவில்லை என்றால், ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது; அதை எழுதும் நிலையில் மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும். ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று சொல்லி ஷெல்லே தராவிட்டால், அதே திருத்தத்தை லைவ் யுஎஸ்பி வழியாகச் செய்யலாம்.

அடிக்கடி கழற்றி மாட்டும் டிஸ்க் என்றால், அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். பிறகு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் பூட் ஆகும்.

எல்லாம் ஓடுது, திரை மட்டும் கறுப்பா?

கிராபிக்ஸ் கார்டு மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் கேபிளை. அது இன்னும் மதர்போர்டில் மாட்டியிருந்தால், புது கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரையில் லாகின் கேட்டால் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது, கிராபிக்ஸ் டிரைவர்தான் சிக்கல். என்விடியா கார்டிலிருந்து ஏஎம்டி-க்கு மாறியிருந்தால், பழைய என்விடியா டிரைவரையும், ஈடிசி ஃபோல்டருக்குள் அது விட்டுச்சென்ற ‘எக்ஸ்ஆர்க்’ செட்டிங் ஃபைலையும் நீக்க வேண்டியிருக்கும்.

எழுத்துத் திரையும் வரவில்லையா? க்ரப் மெனுவில் ‘இ’ பட்டனை (ஆங்கில எழுத்து) அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு முறை மட்டும் எளிய கிராபிக்ஸில் பூட் ஆகும். உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

பூட் ஆயிடுச்சு, நெட் வரலையா?

இதுவும் அதே விலாசப் பிரச்சினைதான். நெட்வொர்க் கார்டின் பெயர், அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து அமைகிறது. புதிதாக ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டியோ கிராபிக்ஸ் கார்டோ சேர்ந்தால் மதர்போர்டின் உள் எண்கள் தள்ளிப்போய், நேற்றைய ‘இஎன்பி3எஸ்0’ இன்று ‘இஎன்பி4எஸ்0’ ஆகிவிடலாம். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் தானாகச் சமாளித்துக்கொள்ளும். பெயரைக் கையால் எழுதிவைத்த சர்வர்களில்தான் சிக்கல். வேறு ஊரில் இருக்கும் சர்வருக்கு டிஸ்க் மாற்றச் சொல்லும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள். இல்லாவிட்டால் அந்த மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களால்தான் உள்ளே போக முடியாது.

கைகொடுக்கும் லைவ் யுஎஸ்பி

வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது மின்ட் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். ‘இன்ஸ்டால்’ வேண்டாம், ‘டிரை’ மட்டும் போதும். ஃபைல் மேனேஜரில் உங்கள் டிஸ்க்கைத் திறந்தால் ஹோம் ஃபோல்டர் தெரியும். முதல் வேலையாக முக்கியமானதை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு எதைச் செய்தாலும் பயம் இல்லை.

க்ரப், இனிட்ராம்எஃப்எஸ் இரண்டையும் சரிசெய்யும் முறைக்கு ‘சிஎச்ரூட்’ என்று பெயர். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் இருந்தபடியே, டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து வேலை பார்ப்பது. வரிசை இதுதான்:

1. டிஸ்க்கின் ரூட் பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்யவும்.
2. அதற்குள் பூட், இஎஃப்ஐ என்ற இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுன்ட் செய்யவும்.
3. டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் ‘பைண்ட்’ முறையில் இணைக்கவும்.
4. சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே நுழையவும்.
5. எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கும் எண்கள், பிஎல்கேஐடி காட்டும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்தவும்.
6. க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட்-க்ரப் மூன்றையும் ஓட்டவும்.

டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பாலானவற்றுக்கும், நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட, இந்த வரிசை பொருந்தும். ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு ‘ட்ராகட்’, ஆர்ச்சில் ‘எம்கேஇனிட்சிபிஐஓ’. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ முறையில் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டக் கூடாது. க்ரப் பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்வதே அங்கே வழி.

ஒரு கவனம்: உங்கள் லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால், பென்டிரைவும் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆகியிருக்க வேண்டும். லெகசி முறையில் பூட் செய்துவிட்டுச் சரிசெய்ய முயன்றால், மதர்போர்டின் குறிப்பேட்டில் எதையும் எழுத முடியாது.

குளோன் செய்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய டிஸ்க்கை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்தால் ஒரே விலாசத்தில் இரண்டு வீடுகள். எதிலிருந்து பூட் ஆனது, எதில் ஃபைல் சேமிக்கப்பட்டது என்றே தெரியாமல் போகும். ‘பிடிஆர்எஃப்எஸ்’ வகை டிஸ்க் என்றால் டேட்டாவே சிதையும் ஆபத்து உண்டு. குளோன் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட்.

உண்மையிலேயே டேட்டா போகும் இடம்

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலும் டேட்டா பத்திரம். ஆனால், ஓர் இடத்தில் நிலைமை வேறு. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, பாஸ்வேர்டு கேட்காமல் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால், அந்தச் சாவி மதர்போர்டோடு இருக்கும் ‘டிபிஎம்’ சிப்பில் கட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் சாவி கிடைக்காது. பாஸ்வேர்டோ ரெக்கவரி கீயோ தனியாக எழுதி வைக்காவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது கிடைக்கவே கிடைக்காது. டூயல் பூட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: பயாஸ் செட்டிங்கை மாற்றினாலே பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம்.

பார்ட் மாற்றும் முன் பத்து நிமிஷம்

* முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.
* என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு, ரெக்கவரி கீ இரண்டையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே எழுதி வையுங்கள்.
* பயாஸின் பூட், ஸ்டோரேஜ், செக்யூர் பூட் பக்கங்களைப் போனில் போட்டோ எடுங்கள்.
* எஃப்எஸ்டேப் ஃபைலையும் பிஎல்கேஐடி தரும் பட்டியலையும் போட்டோ எடுங்கள்.
* கழற்றப்போகும் டிஸ்க்கின் வரியை எஃப்எஸ்டேப்பில் இருந்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.
* லைவ் யுஎஸ்பி ஒன்றைத் தயாராக வையுங்கள். பூட் ஆகாத கம்ப்யூட்டரில் அதைத் தயாரிக்க முடியாது.
* ஹைபர்னேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் பார்ட் மாற்றாதீர்கள். முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.
* ஒரு நேரத்தில் ஒரு பார்ட் மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்கு எடுத்துப்போக வேண்டிய நிலை வந்தால், ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, டிஸ்க்கை ஃபார்மட் போட்டுடாதீங்க, டேட்டா உள்ளே இருக்கு." அப்படியே அந்தத் திரையின் போட்டோவையும் காட்டுங்கள். எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால், அவருக்கும் வேலை சுலபம்.